ஆணா, பெண்ணா? வளர்ப்புப் பறவை வைத்திருப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

மொட்டை மாடியில் கூண்டு கட்டிப் பறவை வளர்க்க ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. தீனி என்ன போடலாம், நோய்க்கு என்ன மருந்து என்றெல்லாம் கேட்பார்கள். ஆனால் எல்லாவற்றையும்விட அதிகமாக வரும் கேள்வி, ஒரு மங்கலான போட்டோவை அனுப்பி "இது மேலா, ஃபீமேலா?" என்பதுதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதை எல்லாம் ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

கடையில் ஜோடி என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். அதை நம்பலாமா?

கடையில் ஜோடி என்றால் பல நேரம் ஒரே கூண்டில் ஒட்டி உட்கார்ந்திருந்த இரண்டு பறவைகள் என்றுதான் அர்த்தம். விற்பவர் பொய் சொல்கிறார் என்று நான் சொல்லவில்லை, அவருக்கே தெரியாமல் இருக்கலாம். ஏனென்றால் எல்லாப் பறவைக்கும் பொருந்துகிற ஒற்றை அடையாளம் என்று எதுவும் கிடையாது. முதலில் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: என்ன இனம், எத்தனை மாதம், என்ன நிறம். இந்த மூன்றும் தெரியாமல் மூக்கைப் பார், தலையைப் பார் என்று சொல்வதெல்லாம் பாதிக்குப் பாதி ஊகம்தான்.

எனக்கே நடந்தது. ஆரம்பத்தில் இரண்டு ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ் வாங்கினேன். ஒன்றுக்கொன்று தலை கோதிவிடும், ஒன்று வாயிலிருந்து எடுத்து இன்னொன்றுக்கு ஊட்டும், பார்க்கவே அவ்வளவு ஒற்றுமை. மரப்பெட்டி வைத்த சில வாரத்தில் முட்டை. நாலு, ஐந்து, ஏழு என்று போய் ஒன்பதில் நின்றது. பத்து நாள் கழித்து இருட்டில் ஒவ்வொரு முட்டையையும் செல்போன் வெளிச்சத்துக்கு மேல் பிடித்துப் பார்த்தேன். கரு பிடித்திருந்தால் உள்ளே செந்நூல் போல ரத்த நாளங்கள் ஓடும். ஒன்பதிலும் வெறும் மஞ்சள் வெளிச்சம். அத்தனையும் கூமுட்டை, இரண்டும் பெட்டை. ஒரு பெட்டை பொதுவாக நாலிலிருந்து ஆறு முட்டைதான் இடும். ஒரே பெட்டியில் எட்டு, ஒன்பது, பத்து என்று சேர்ந்தால் அங்கே முட்டையிடுவது இரண்டு பறவை என்று முதலில் சந்தேகப்பட வேண்டும்.

லவ் பேர்ட்ஸில் எப்படிக் கண்டுபிடிப்பது?

ஒரு சின்னக் குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நம் ஊரில் மண்பானை வைத்து வளர்க்கிற, கூட்டமாகக் கீச்சிடுகிற சின்னக் கிளியை லவ் பேர்ட்ஸ் என்கிறோம். அதன் சரியான பெயர் பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. ஆஸ்திரேலியப் பறவை, 1840-ல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் அதை உயிரோடு இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பிறகுதான் உலகம் முழுக்கப் பரவியது. உண்மையான லவ் பேர்ட் ஆப்பிரிக்காவைச் சேர்ந்த வேறு இனம். இங்கே பட்ஜியைப் பற்றிச் சொல்கிறேன், அதற்குப் பின்னால் வருகிறேன்.

பட்ஜியில் பார்க்க வேண்டிய இடம் அலகுக்கு மேலே, மூக்குத் துளைகள் இருக்கிற அந்தத் தடித்த தோல். வளர்ப்பவர்கள் சுருக்கமாக மூக்கு என்றே சொல்வார்கள். வளர்ந்த ஆணுக்கு அது பளிச்சென்ற நீலம். வளர்ந்த பெண்ணுக்குப் பழுப்பு, அல்லது வெளுத்த சந்தன நிறம். முட்டையிடத் தயாராகும்போது பெண்ணின் மூக்கு கரும்பழுப்பாகி, காய்ந்த மண் போலச் சொரசொரப்பாகவும் ஆகும். அது நோய் இல்லை, பருவம் முடிந்ததும் தானாக வெளுத்துவிடும்.

பார்க்கும்போது காலை வெயிலில் பாருங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் இளம் பெண்ணின் வெளிர்நீலமும் ஆணின் நீலமும் ஒன்றுபோலத் தெரியும், போட்டோவில் இன்னும் மோசம்.

குணத்திலும் கொஞ்சம் தெரியும். ஆண் ஓயாமல் பேசும், தலையை மேலும் கீழும் ஆட்டும், கண்ணாடியைப் பார்த்தால் அதற்கே பாட்டுப் பாடும். பெண் கொஞ்சம் அதிகாரமானது, மரத்தைக் கடித்துத் துருவும், கையில் பிடித்தால் ஆணைவிட வலிக்கக் கடிக்கும். ஆனால் குணத்தை மட்டும் வைத்து முடிவெடுக்காதீர்கள்.

பட்ஜி குஞ்சு வெளியே வந்து பத்து நாள்தான் ஆகிறது. இப்போதே தெரியுமா?

ஓரளவுக்குத் தெரியும். ஆண் குஞ்சின் மூக்கு முழுக்க ஒரே சீரான இளஞ்சிவப்பு கலந்த ஊதா. பெண் குஞ்சுக்கு வெளிர்நீலம் அல்லது வெள்ளையாக இருக்கும், மூக்குத் துளையைச் சுற்றி மட்டும் வெண்மையான வளையம் தெரியும். பலர் ஏமாறுவது இங்கேதான். நீலம் தெரிந்தால் ஆண் என்று கேட்டிருப்பார்கள், இரண்டு மாதப் பெண் குஞ்சின் வெளிர்நீல மூக்கைப் பார்த்துவிட்டு ஆண் என்று வாங்கி வருவார்கள். அந்த வயதில் நீலமும் வெள்ளை வளையமும் சேர்ந்திருந்தால் பெண்.

வயதைத் தெரிந்துகொள்ள நெற்றியைப் பாருங்கள். குஞ்சுக்குக் கருப்பு வரிகள் மூக்கு வரைக்கும் வரும், மூன்று நாலு மாதத்தில் முதல் இறகு உதிர்த்ததும் நெற்றி சுத்தமாகிவிடும். குஞ்சின் கண் முழுக் கருப்பு, வளர வளர கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் வரும். ஆறு மாதம் பொறுத்தால் மூக்கு நிறம் தானாகச் சொல்லிவிடும்.

என்னிடம் இருப்பது சிவப்புக் கண்ணோடு மஞ்சள் பட்ஜி. மூக்கு ஊதாவாகவே இருக்கிறதே?

அது லுட்டினோ, கருநிறமி இல்லாமல் பிறக்கிற மஞ்சள் வகை (அதுவே வெள்ளையாக இருந்தால் அல்பினோ). லுட்டினோ, அல்பினோ, அப்புறம் ரிசெசிவ் பைட் என்கிற திட்டு நிறப் பறவைகளில் ஆணுக்கு மூக்கு நீலமாக மாறவே மாறாது, ஆயுசு முழுக்க இளஞ்சிவப்பு ஊதாவிலேயே நிற்கும். ஒரு வயது தாண்டியும் பழுப்பு எட்டிப் பார்க்கவில்லை என்றால் ஆண். இந்த நிறங்களில் நீலத்தைத் தேடிக்கொண்டிருந்தால் வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

நாலு வருடமாக நீல மூக்கோடு இருந்த ஆண், இப்போது மூக்கு பழுப்பாகிறது. ஆண் பெண்ணாக மாறுகிறதா?

இல்லை. தயவுசெய்து இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வயதான ஆண் பட்ஜிகளுக்கு வயிற்றுக்குள் இருக்கிற விரையில் கட்டி வருவது உண்டு. அந்தக் கட்டி பெண் ஹார்மோனைச் சுரக்க ஆரம்பித்தால் நீல மூக்கு பழுப்பாகும். கட்டி பெரிதானால் காலுக்குப் போகும் நரம்பை அழுத்தும், அப்போது ஒரு காலைத் தூக்கிக்கொண்டோ இழுத்துக்கொண்டோ நிற்கும். காலில் அடி பட்டிருக்கிறது என்று நினைத்து மஞ்சள் தடவி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். நிறம் மாறத் தொடங்கியதுமே பறவைகளைப் பார்த்துப் பழகிய கால்நடை மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

காக்டீல் (பலரும் காக்டெயில் என்பார்கள்) எப்படி?

தலையில் கொண்டை வைத்த கிளி இது. சாம்பல் நிறமாக இருந்தால் சுலபம். ஆணுக்கு முகம் முழுக்க மஞ்சள், கன்னத்தில் அடர்ந்த ஆரஞ்சுப் பொட்டு. பெண்ணுக்கு முகம் சாம்பலோடு சேர்ந்து மங்கியிருக்கும், கன்னப்பொட்டும் அழுக்குத் துணியை மேலே போட்டது போலத் தெரியும். வாலுக்கு அடியில் பாருங்கள், பெண்ணுக்கு மஞ்சளும் சாம்பலுமாகக் குறுக்கு வரிகள் இருக்கும். இறக்கையை மெதுவாக விரித்தால் அடியில் வெளிர்மஞ்சள் புள்ளிகள் வரிசையாக நிற்கும். ஆணுக்கு இரண்டும் இருக்காது.

இதில் ஒரு முக்கியமான விஷயம், குஞ்சுகள் எல்லாமே பெண் போலத்தான் இருக்கும். ஆண் குஞ்சுக்கு முகம் மஞ்சளாவது முதல் இறகு உதிர்த்து முடித்த பிறகு, ஆறேழு மாதத்தில் தொடங்கி ஒரு வயதுக்குள். ஆனால் அதற்கு முன்பே விசில் அடிக்கும், இறக்கையைத் தோளருகே தூக்கி இதய வடிவத்தில் பிடித்துக்கொண்டு நடக்கும், அலகால் கம்பியைத் தட்டும். நாலைந்து மாதத்திலேயே இப்படி ராகம் போடுகிற குஞ்சு பெரும்பாலும் ஆணாகத்தான் முடிந்திருக்கிறது.

லுட்டினோ காக்டீலில் முகம் இரண்டுக்கும் மஞ்சள்தான். வால் இறகை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்தால் பெண்ணுக்கு மெல்லிய மஞ்சள் வரிகள் தெரியும். திட்டு நிறமும் முழு வெள்ளையும் கண்ணால் சொல்ல முடியாதவை, அதில் டிஎன்ஏ பரிசோதனைதான், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிஞ்ச்சஸ் என்கிற சின்னக் குருவிகளில்?

ஜீப்ரா பிஞ்ச்சில் குழந்தைகூடச் சொல்லிவிடும்: ஆணுக்கு ஆரஞ்சுக் கன்னம், நெஞ்சில் வரிக்குதிரைக் கோடுகள், விலாவில் செம்பழுப்பின் மேல் வெள்ளைப் புள்ளிகள். பெண் சாதாரண சாம்பல். வெள்ளை ஜீப்ராவில் அலகுதான் வழி, ஆணுக்கு நல்ல சிவப்பு, பெண்ணுக்கு ஆரஞ்சு. கோல்டியன் பிஞ்ச்சில் ஆணின் நெஞ்சு அடர் ஊதா, பெண்ணுக்கு வெளிறிய ஊதா.

பெங்காலீஸ் பிஞ்ச்சும் ஜாவா குருவியும் வேறு கதை. பார்த்துச் சொல்ல முடியாது, கேட்டுத்தான் சொல்ல வேண்டும். இரண்டிலும் பாடுவது ஆண்தான். ஒவ்வொன்றாகச் சின்னக் கூண்டில் தனியாக வைத்து, அடையாளத்துக்குக் காலில் நிற வளையம் மாட்டி, அரை நாள் காதைத் தீட்டிக்கொண்டு உட்காருங்கள். பாடியது ஆண். பாடாதது பெண் என்று அவசரப்பட வேண்டாம், புது இடத்தில் ஆணும் வாய் திறக்காது.

ஆப்பிரிக்கன் லவ் பேர்ட்ஸ், சன் கோனூர், ஆப்பிரிக்கன் கிரே, மக்கா கிளிகளில்?

கண்ணால் தெரியாது. லவ் பேர்டில் ஆணும் பெண்ணும் நிறத்தில் வேறுபடுகிற இனங்கள் மூன்று உண்டு (உதாரணத்துக்கு மடகாஸ்கர் லவ் பேர்டில் ஆணுக்கு மட்டும் சாம்பல் தலை), ஆனால் நம் கடைகளில் வருகிற பீச் ஃபேஸ், ஃபிஷர், மாஸ்க் எல்லாம் இரண்டும் ஒன்றே. பீச் ஃபேஸில் ஒரு சின்னத் துப்பு: காகிதத்தையோ ஓலையையோ நீள நீளமாகக் கிழித்து இடுப்பு இறகுக்குள் செருகிக்கொண்டு கூட்டுக்குப் பறப்பது பெண்ணின் வேலை. ஆண் சில நேரம் முயற்சி செய்து பாதியில் கீழே போட்டுவிடும்.

மற்றபடி டிஎன்ஏ பரிசோதனைதான். பாலூட்டிகளில் குட்டி ஆணா பெண்ணா என்று தீர்மானிப்பது அப்பாவின் குரோமோசோம், பறவைகளில் அம்மாவின் குரோமோசோம். ஆணுக்கு இசட்-இசட், பெண்ணுக்கு இசட்-டபிள்யூ. அந்த டபிள்யூ இருக்கிறதா என்றுதான் ஆய்வகத்தில் பார்ப்பார்கள். நெஞ்சுப் பகுதியிலிருந்து புதிதாகப் பிடுங்கிய நாலைந்து இறகு போதும். கூண்டுக்கு அடியில் உதிர்ந்து கிடக்கும் இறகை அனுப்பாதீர்கள், இறகின் அடிக்குருத்தில் இருக்கிற செல்தான் தேவை. சில நூறு ரூபாய்தான் ஆகும். ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்குகிற பறவைக்கு இதைச் செய்யாமல் விடுவதில் நியாயமே இல்லை. கூடவே இன்னொன்று, காட்டுயிர் வணிகத்தைக் கட்டுப்படுத்துகிற சைட்டிஸ் என்ற சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் உள்ள வெளிநாட்டு இனங்களை (சன் கோனூர், ஆப்பிரிக்கன் கிரே எல்லாம் அதில் வரும்) 2024 விதிகளின்படி மத்திய அரசின் பரிவேஷ் இணையதளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

இடுப்பு எலும்பைத் தொட்டுப் பார்த்துச் சொல்கிறார்களே?

வாலுக்கு முன்னால் கீழ்ப்பக்கம் இரண்டு எலும்பு முனை விரலுக்குத் தட்டுப்படும். முட்டையிடுகிற பெண்ணுக்கு அந்த இடைவெளி அகலமாகும், அது உண்மை. ஆனால் இன்னும் முட்டையிடாத இளம் பெண்ணுக்கு ஆணைப் போலவே நெருக்கமாக இருக்கும். அதனால் அகலமாக இருந்தால் பெண் என்று ஓரளவு சொல்லலாம், நெருக்கமாக இருந்தால் ஒன்றும் சொல்ல முடியாது. என் இரண்டு பெட்டைகளையும் இப்படித் தொட்டுப் பார்த்துத்தான் ஜோடி என்று கொடுத்தார்கள்.

இதைவிடப் பெரிய கவலை பிடிக்கிற விதம். பறவைக்கு நம்மைப் போல உதரவிதானம் கிடையாது, நெஞ்சு முன்னும் பின்னும் அசைந்தால்தான் மூச்சு. உள்ளங்கையில் நெஞ்சை இறுக்கிப் பிடித்தால் வெளியே காயமே இல்லாமல் மூச்சு முட்டிச் செத்துப்போகும். கழுத்தின் இருபுறமும் இரண்டு விரல், முதுகு உள்ளங்கையில், நெஞ்சு எப்போதும் விடுதலையாக. அப்படிப் பிடிக்கத் தெரியாதவர்கள் தொட்டுப் பார்க்கவே வேண்டாம்.

புறாவில்?

ஆண் கழுத்தை உப்பிக்கொண்டு, வாலைத் தரையில் தேய்த்தபடி சுற்றிச் சுற்றிக் குனுகும். பெண்ணும் குனுகும், ஆனால் இப்படி முழு வட்டம் அடிப்பது குறைவு. தலையும் அலகும் ஆணுக்குக் கொஞ்சம் தடிமன், அது ஒரே ஜாதிக்குள் ஒப்பிட்டால்தான் தெரியும். புறா ஒரு ஈட்டுக்கு இரண்டு முட்டைதான் இடும். கூட்டில் நாலு முட்டை இருந்தால் இரண்டும் பெட்டை. ஒன்றுமே இல்லாமல் மாதக்கணக்கில் குனுகிக்கொண்டே இருந்தால் இரண்டும் சேவல்.

புறாவுக்குச் சேவல் என்று சொல்வது தப்பா என்று ஒரு தம்பி கேட்டார். தப்பே இல்லை. தொல்காப்பிய மரபியலிலேயே சேவல் என்ற பெயர் சிறகுள்ள எல்லாவற்றின் ஆணுக்கும் பொருந்தும், மயிலுக்கு மட்டும் பொருந்தாது என்று இருக்கிறது. கோழிக்கு மட்டும் என்று ஆனது பின்னால் வந்த வழக்கம்.

பச்சைக்கிளிக்குக் கழுத்து வளையம் வந்தால்தான் ஆணா?

ஆமாம். ஆணுக்குக் கழுத்தில் கருப்பும் ரோஜா நிறமும் சேர்ந்த வளையம், ஆனால் அது முழுதாக வர இரண்டு மூன்று வயது ஆகும். அதற்கு முன் ஆணும் பெண்ணும் ஒன்றுதான். ஆனால் இதை வீட்டுக் கூண்டில் வைத்துப் பார்க்கக் கூடாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நம் நாட்டுக் கிளி எதையும் பிடிப்பதும் விற்பதும் வளர்ப்பதும் குற்றம். மாலையில் மொட்டை மாடியில் அரிசி வைத்துவிட்டுத் தள்ளி நின்று பாருங்கள், வளையம் உள்ளது இல்லாதது இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்து உட்காரும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஆண் ஒரு நிறம், பெண் வேறு நிறம் என்று முழுக்க மாறுகிற கிளி உண்டா?

உண்டு, எக்லெக்டஸ். நியூ கினி, வட ஆஸ்திரேலியா பக்கத்துப் பறவை. ஆண் பச்சைப் பசேல், ஆரஞ்சு அலகு. பெண் ரத்தச் சிவப்பு, நீலமோ ஊதாவோ கலந்த வயிறு, கருப்பு அலகு. இரண்டையும் வெவ்வேறு இனம் என்றே அறிஞர்கள் வெகுகாலம் நினைத்திருந்தார்கள், 1874-ல்தான் மேயர் என்ற ஜெர்மானியர் ஒரே இனத்தின் ஆணும் பெண்ணும் என்று காட்டினார். காரணம் இன்னும் அழகு. பெண் மாதக்கணக்கில் மரப்பொந்தை விட்டு நகராது, நல்ல பொந்து கிடைப்பது அரிது, அதனால் இது என் இடம் என்று தூரத்திலிருந்தே தெரிய அந்தச் சிவப்பு. ஆண் காடெல்லாம் அலைந்து பழம் கொண்டுவந்து ஊட்ட வேண்டும், இலைக்குள் மறைய அந்தப் பச்சை. ஆஸ்திரேலியாவில் ஹெய்ன்ஸோன் குழுவினர் பல வருடம் மரம் ஏறி ஆராய்ந்து 2005-ல் வெளியிட்டது இது.

கூர் முட்டையில் சேவல், உருண்டை முட்டையில் பெட்டை, உண்மையா?

இல்லை. முட்டை வடிவம் தாயின் உடல்வாகு. அடை வைக்கிற சூட்டை மாற்றினாலும் கோழியில் ஆண் பெண்ணாகவோ பெண் ஆணாகவோ மாறாது. சூட்டை வைத்து ஆணா பெண்ணா என்று முடிவாவது ஆமை, முதலை போன்றவற்றில்தான், சென்னைக் கடற்கரையில் முட்டையிடுகிற பங்குனி ஆமைக்கு மணல் சூடு அதிகமானால் பெண் குஞ்சுகள் அதிகம்.

நாட்டுக்கோழியில், சிறுவிடையோ பெருவிடையோ, ஆறேழு வாரத்தில் கொண்டை சிவந்து தடிப்பது சேவல். மூன்று மாதத்தில் கழுத்திலும் முதுகின் பின்பக்கத்திலும் பளபளப்பாக, முனை கூர்ந்த இறகு தொங்கும். பெட்டைக்கு அந்த இறகு முனை வட்டம்.

எங்கள் வீட்டுக் கோழி திடீரென்று கூவுகிறது. வீட்டுக்கு ஆகாது, அறுத்துவிடு என்கிறார்கள்.

அறுக்காதீர்கள். பெட்டைக்கோழிக்கு இடது பக்கச் சூலகம் மட்டும்தான் வேலை செய்யும். வயதாலோ நோயாலோ அது கெட்டுப்போனால் பெண் ஹார்மோன் குறையும், அப்போது கொண்டை வளரும், சேவல் இறகு முளைக்கும், கூவவும் கூவும். கோழியில் சேவலின் பகட்டான இறகுதான் இயல்பு நிலை, பெண் ஹார்மோன்தான் அதை அடக்கி எளிய இறகாக வைத்திருக்கிறது. 1474-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் முட்டையிட்டது என்று ஒரு சேவலை விசாரணை நடத்தி எரித்தே விட்டார்கள். அதுவும் இப்படி மாறிய பெட்டையாகத்தான் இருந்திருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றும். பாவம்.

எப்போதும் ஆண்தான் அழகா?

பெரும்பாலும், ஆனால் எப்போதும் இல்லை. வயலோரச் சேற்றில் இருக்கிற மயில் உள்ளானில் பெண்தான் வண்ணம், ஆண் மங்கல், அடை காப்பதும் ஆண். வல்லூறு, பருந்து வகைகளில் நிறத்தைவிட அளவில் தெரியும், பெண் பெரிது. குயிலில் கருப்பாக, சிவந்த கண்ணோடு கூவுவது ஆண். பழுப்பில் வெள்ளைப் புள்ளிகளோடு மரத்தில் பதுங்குகிறதே, அதை வேறு பறவை என்று நினைக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதுதான் பெண் குயில்.

அப்புறம் நம் கண்ணுக்கு ஒன்றுபோலத் தெரிவது அவற்றுக்கு அப்படி இல்லை. பறவைகள் புற ஊதா ஒளியையும் பார்க்கும். ஆணும் பெண்ணும் ஒன்று என்று நாம் நினைத்திருந்த 139 பாடும் பறவை இனங்களை 2005-ல் அளந்து பார்த்தபோது, பத்தில் ஒன்பதுக்கு மேல் அவற்றின் கண்ணுக்கு வேறுபட்டே தெரியும் என்று வந்தது.

ஒரே ஒரு பெண் பட்ஜிதான் இருக்கிறது. ஆண் இல்லாமல் முட்டையிடுமா?

இடும். கோழி இடுவது போலத்தான். முட்டையை உடனே எடுத்துவிடாதீர்கள், எடுத்தால் ஈடு கட்ட மறுபடி மறுபடி இட்டு உடம்பு கரைந்துபோகும். மூன்று வாரம் போல அடை காத்துவிட்டுத் தானே சலித்து எழுந்துவிடும், அப்போது எடுங்கள். பானையைக் கழற்றிவிடுங்கள், இரவில் சீக்கிரம் துணி மூடி இருட்டாக்குங்கள், கடல் நுரை (சுண்ணாம்புச் சத்துக்காக வைக்கிற கணவாய் ஓடு) எப்போதும் கூண்டில் இருக்கட்டும். உடம்பை உப்பிக்கொண்டு கூண்டின் தரையில் உட்கார்ந்து, மூச்சுக்கு மூச்சு வால் மேலும் கீழும் ஆடினால் முட்டை உள்ளே சிக்கியிருக்கலாம். எண்ணெய் விட்டு அழுத்துவது, விரலால் எடுக்கப் பார்ப்பது எதுவும் வேண்டாம், உள்ளே உடைந்தால் பிழைக்காது. அட்டைப்பெட்டியில் துணி விரித்துக் கதகதப்பாக வைத்து அப்படியே மருத்துவரிடம் கொண்டுபோங்கள், காலை வரை காத்திருக்க வேண்டாம்.